தைத்த வயிறு ஏன் பிரிகிறது: ஸ்டோமா தழும்பும் உயிர்த்திசு வலையும்

பரிசோதனை மேசையில் மல்லாந்து படுக்கச் சொல்கிறார் மருத்துவர். தலையை மட்டும் சற்றுத் தூக்கி இருமச் சொல்கிறார். வயிற்றின் வலப் பக்கத்தில், தொப்புளுக்குக் கொஞ்சம் கீழே, ஆறிப்போன தழும்பு ஒன்று இருக்கிறது. இருமும்போது அதற்கு அடியில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு மேடு எழும்புகிறது. மூச்சை விட்டதும் அடங்கிவிடுகிறது. விரலை வைத்து மெல்ல அழுத்தினால் குடல் களுக்கென்று உள்ளே நழுவுவது படுத்திருப்பவருக்கே தெரிகிறது.

என் பெரியப்பாவுக்கு அப்படித்தான் ஆனது. மலக்குடலில் வந்த புற்றுநோயை அறுத்து எடுத்து, மாதக்கணக்கில் வயிற்றில் பையோடு திரிந்து, பிறகு அந்தப் பைக்காக வயிற்றில் திறந்த வாயையும் (ஸ்டோமா) மூடி, அப்பாடா என்று அவர் நிமிர்ந்த வருடத்திலேயே மேடு தலைகாட்டியது. வீட்டில் ஆளாளுக்குக் காரணம் சொன்னார்கள். கேஸ் சிலிண்டரைத் தூக்கினாரே, அதுதான் என்றார் பெரியம்மா. சொன்ன பேச்சைக் கேட்காமல் தோட்டத்தில் மண்வெட்டியைப் பிடித்தாரே என்றார்கள் மற்றவர்கள். கடைசிவரை அவரும் அது தன் தவறுதான் என்றே நம்பினார். அவர் அப்படி நம்பியிருக்கத் தேவையே இல்லை என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்து, இந்த விஷயத்தைத் தேடிப் படித்தபோதுதான் புரிந்தது.

வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை சிகிச்சைக்குப் பிறகு, நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேருக்கு அந்த வெட்டின் வழியாகவே குடலிறக்கம் வருகிறது. தோல் ஆறிவிடும். மேல் தையலைப் பிரித்துவிடுவார்கள். வெளியே பார்த்தால் குறையொன்றும் தெரியாது. விலகுவது அதற்கு அடியில் இருக்கும் அடுக்கு. வயிற்றுத் தசைகளை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டியிருக்கும், நார் நாராகப் பின்னிய, மினுமினுக்கும் வெள்ளை உறை ஒன்று உண்டு. நாம் இருமும்போதும் தும்மும்போதும் முக்கும்போதும் உள்ளிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்குவது இந்த உறைதான். இதற்கு இரத்த ஓட்டம் குறைவு என்பதால் வெட்டினால் மெதுவாகத்தான் கூடும். முதல் சில வாரங்களுக்கு வெட்டிய இடத்துக்குச் சொந்த பலம் என்று அதிகம் கிடையாது; பெரும்பாலும் நூல்தான் தாங்குகிறது. பல மாதம் ஆறிய பிறகும் பழைய பலம் முழுதாகத் திரும்புவதில்லை.

அந்த உறை எப்போது விலகுகிறது என்பதைக் கண்டுபிடிக்க, இங்கிலாந்தில் பொல்லாக், எவான்ஸ் என்ற இருவர் எளிமையான ஒரு வழியைக் கையாண்டார்கள். வயிற்றைத் தைத்து மூடும்போது, உறையின் இரு விளிம்புகளிலும் சின்னச் சின்ன உலோகக் கிளிப்புகளைப் பொருத்தினார்கள். ஒரு மாதம் கழித்து எக்ஸ்ரே எடுத்தால், இந்தக் கரைக் கிளிப்புக்கும் அந்தக் கரைக் கிளிப்புக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று பார்த்துவிடலாம். 1989-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு இது: அந்த ஒரு மாதத்துக்குள் விளிம்புகள் 12 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ விலகியிருந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பின்னாளில் குடலிறக்கம் வந்தது. மேடு கண்ணுக்குத் தெரிய ஒரு வருடமோ மூன்று வருடமோ ஆகலாம். விலகல் நடந்தது முதல் முப்பது நாளில்.

சிலிண்டரைத் தூக்கிய கதைக்கு இதற்குமேல் பதில் வேண்டியதில்லை. உடற்பருமன், புகைப்பழக்கம், சர்க்கரை நோய், ஓயாத இருமல், காயத்தில் சீழ் பிடித்தல் ஆகிய எல்லாமே ஆபத்தைக் கூட்டுகின்றன என்பது உண்மை. ஆனால் வீட்டுக்கு வந்து எட்டு மாதம் கழித்து எதையோ தூக்கியதால் வயிறு பிரிந்தது என்று ஒருவரைக் குறை சொல்வது பெரும்பாலும் அநியாயம்.

ஒரு ரூபாய் நாணயமும் ஒரு கூட்டம் கிருமிகளும்

ஸ்டோமா என்று மருத்துவர்கள் சொல்வதை நம் வீடுகளில் "வயிற்றில் பை வைத்திருக்கிறார்கள்" என்று சொல்வோம். மலக்குடலின் கீழ்ப்பகுதியிலிருந்து கட்டியை வெட்டி எடுத்துவிட்டு இரு முனைகளையும் இணைத்தால், அந்த இணைப்பு ஆறும்வரை மலம் அதன் வழியே போகக்கூடாது. அதற்காகச் சிறுகுடலின் கடைப்பகுதியை வளையமாக வெளியே இழுத்து, வயிற்றுத் தோலோடு தைத்து, தற்காலிகமாக ஒரு வாய் வைப்பார்கள். அதன் மேல் பை ஒட்டப்படும். சில மாதங்கள் கழித்துக் குடலை உள்ளே தள்ளி வாயை மூடிவிடுவார்கள்.

முதலில் நடந்த பெரிய ஆபரேஷனோடு ஒப்பிட்டால் இது சின்ன வேலை என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. புதிதாகக் கத்தியால் கீறிய நேர்கோட்டு வெட்டின் இரு விளிம்புகளையும் சேர்ப்பது ஒன்று. மாதக்கணக்கில் குடலை நடுவில் வைத்துக்கொண்டு, வட்டமாக விரிந்துபோன ஓர் ஓட்டையின் விளிம்புகளை இழுத்துச் சேர்ப்பது வேறு. ஓட்டை ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும், அவ்வளவுதான். ஆனால் அத்தனை நாளும் அதன் வழியே மலம் போயிருக்கிறது. எவ்வளவு கழுவினாலும் கிருமிகள் இல்லாத இடமாக அதை ஆக்க முடியாது. நோயாளி கீமோதெரபி முடித்து, எடை குறைந்து, இரத்தம் குறைந்து வந்திருப்பார். குடலிறக்கம் வருவதற்கு வேண்டிய எல்லாம் ஒரே இடத்தில் கூடியிருக்கின்றன.

வலை வைத்துத் தைக்கலாமே என்று கேட்கத் தோன்றும். கவட்டையில் வரும் குடலிறக்கத்துக்கு மெஷ் வைத்துத் தைத்தார்கள் என்பது இன்று பஸ் நிறுத்தத்தில்கூடக் காதில் விழும் பேச்சு. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தில் பிரான்சிஸ் அஷர் என்ற அறுவை மருத்துவர் 1950-களின் இறுதியில் பிளாஸ்டிக் இழைகளால் பின்னிய வலையைப் பயன்படுத்தத் தொடங்கியதிலிருந்து வந்த வழக்கம் அது. இன்று பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன் இழைதான். உடலின் திசு அந்த வலைக் கண்களுக்குள் வளர்ந்து பிடித்துக்கொள்கிறது; கம்பி கட்டிய கான்கிரீட் போல அந்த இடம் இறுகுகிறது. ஆனால் பிளாஸ்டிக் இழையில் கிருமி ஒட்டிக்கொண்டுவிட்டால் அதைப் போக்குவது பெரும்பாடு. மருந்து அங்கே எட்டாது. சீழ் வைத்துக்கொண்டே இருக்கும். சில சமயம் வலையையே வெட்டி எடுக்க வேண்டி வரும். அதனால் மலம் பட்ட இடத்தில் பிளாஸ்டிக் வலையை வைக்க அறுவை மருத்துவர்கள் நெடுங்காலம் அஞ்சினார்கள்.

இந்த அச்சத்துக்குப் பதிலாக வந்ததுதான் உயிர்த்திசு வலை.

தோலிலிருந்து வலை

உடம்பின் ஓட்டையை உடம்பின் பொருளாலேயே அடைப்பது என்ற எண்ணம் பழையது. ஆட்டுக் குடலிலிருந்து திரித்த நூலால் தலைமுறை தலைமுறையாகக் காயங்களைத் தைத்திருக்கிறார்கள். 1920-களில் கனடாவின் டொரான்டோவில் காலி, லெ மெசூரியர் என்ற இருவர், நோயாளியின் தொடையிலிருந்தே நார் உறையைப் பட்டைகளாக உரித்து எடுத்து, அதையே நூலாக்கிக் குடலிறக்கத்தைத் தைத்தார்கள். ஓர் இடத்தை மூட இன்னோர் இடத்தைத் திறக்க வேண்டியிருந்தது என்பதுதான் அதில் இருந்த சங்கடம்.

இன்று பெரும்பாலும் பயன்படுவது பன்றித் தோல். மாட்டின் இதயத்தை மூடியிருக்கும் உறை, பன்றியின் சிறுகுடல் சுவரின் ஓர் அடுக்கு, தானமாகப் பெற்ற மனிதத் தோல் ஆகியவற்றிலிருந்தும் வலைகள் செய்கிறார்கள். வலை என்று சொன்னாலும் கண்ணி கண்ணியாக இருக்காது. கையில் எடுத்தால் வெள்ளை நிறத்தில், ஈரமாக, வளைந்துகொடுக்கும் மெல்லிய தோல் துண்டு போல இருக்கும். மேல் தோலையும் மயிரையும் நீக்கிவிட்டு, அடித்தோலில் இருக்கும் உயிரணுக்கள் அத்தனையையும் கழுவி வெளியேற்றிவிடுவார்கள். மிஞ்சுவது கொலாஜன் என்ற புரத நாரின் பின்னல் மட்டும். குடியிருந்தவர்கள் எல்லோரும் காலி செய்துவிட்டுப் போன, சுவர்கள் மட்டும் நிற்கும் கட்டடம் போல. உயிரணுக்கள் இல்லாததால் நம் உடம்பு அதை அந்நியன் என்று தாக்குவது குறைகிறது. பன்றியின் திசுவில் இருந்து மனிதத் திசுவில் இல்லாத ஒரு சர்க்கரை மூலக்கூறை நம் நோய் எதிர்ப்பு ஆற்றல் உடனே அடையாளம் கண்டுகொள்ளும் என்பதால், அதையும் நொதி கொண்டு நீக்குகிறார்கள்.

இப்படித் தயாரித்த துண்டை வயிற்றில் வைத்தால், நம் உயிரணுக்களும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் அந்தக் காலியான பின்னலுக்குள் குடியேறுகின்றன. பழைய நாரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, அந்த இடத்தில் சொந்த நாரைப் பின்னுகின்றன. இரத்த ஓட்டம் வந்துவிடுவதால் வெள்ளை அணுக்களும் மருந்தும் அங்கே எட்டுகின்றன. பிளாஸ்டிக்கைப் போலக் கிருமிக்கு நிரந்தர அடைக்கலமாக அது ஆவதில்லை. கேட்பதற்கு எவ்வளவு அழகாக இருக்கிறது! கேட்பதற்கு அழகாக இருந்தது என்பதற்காகவே பல ஆண்டுகள் போதிய ஆதாரம் இல்லாமல் இது விற்கப்பட்டது. கரைந்து மறைவதும் உள்ளே புது நார் வளர்வதும் ஒரே வேகத்தில் நடக்க வேண்டும். சீழ் பிடித்த இடத்தில் கிருமிகள் வெளியிடும் நொதிகளும் கொலாஜனைக் கரைக்கும். அப்போது புதிய நார் பின்னுவதற்குள் பழையது போய்விடும். வைத்த வலையும் இருக்காது, வளர்ந்த உறையும் இருக்காது.

790 பேர்

இதைச் சோதித்துப் பார்க்க பர்மிங்காம் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. ராக்ஸ் என்று அதற்குப் பெயர். பயிற்சியில் இருக்கும் இளம் அறுவை மருத்துவர்களின் கூட்டமைப்பு ஒன்று இதில் பெரும் பங்கு வகித்தது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும்; ஸ்டோமாவை மூடும் மேசையில் நிற்பவர்கள் பல இடங்களில் அவர்கள்தான். பிரிட்டன், டென்மார்க், நெதர்லாந்து ஆகிய மூன்று நாடுகளில் 37 மருத்துவமனைகள். 2012-க்கும் 2015-க்கும் இடையே 790 நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். குலுக்கல் முறையில் 394 பேருக்கு ஸ்டோமாவை மூடும்போது பன்றித் தோலில் செய்த வலையை வயிற்றுச் சுவரின் உட்புறம் வைத்துத் தைத்தார்கள். 396 பேருக்கு வழக்கம் போல நூலால் மட்டும் தைத்தார்கள். யாருக்கு வலை வைத்திருக்கிறது என்பது நோயாளிக்கும் தெரியாது, பின்னர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துச் சொன்னவருக்கும் தெரியாது.

முடிவு 2020-இல் லேன்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. இரண்டாண்டு கழித்துப் பரிசோதித்துப் பார்க்க முடிந்தவர்களில், வலை வைத்த 323 பேரில் 39 பேருக்குக் குடலிறக்கம் இருந்தது. நூறு பேரில் பன்னிரண்டு. நூலால் மட்டும் தைத்த 327 பேரில் 64 பேருக்கு இருந்தது. நூறு பேரில் இருபது. வலையால் காயத்தில் தொற்று கூடவில்லை. வலியும் கூடவில்லை. மலம் பட்ட இடத்தில் வலை வைக்கலாமா என்று அஞ்சியவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

இந்த எண்களை நான் இப்படிப் படிக்கிறேன். பன்னிரண்டு, பதின்மூன்று பேருக்கு வலை வைத்தால் அவர்களில் ஒருவருக்கு வரவிருந்த குடலிறக்கம் தடுக்கப்படுகிறது. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு வலை இல்லாமலே வந்திருக்காது. சிலருக்கு வலை வைத்தும் வருகிறது. இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. இரண்டு குழுவினரின் அன்றாட வாழ்க்கைத் தரத்தையும் கேட்டு அளந்தபோது குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. குடலிறக்கம் இருந்தும் தொந்தரவு இல்லாமல் நடமாடுபவர்கள் பலர் உண்டு என்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆய்வுக்கான பணத்தில் ஒரு பங்கு பிரிட்டனின் பொது நிதியிலிருந்தும், ஒரு பங்கு அந்த வலையை விற்கும் அலெர்கன் நிறுவனத்திடமிருந்தும் வந்தது. அதனால் மட்டும் முடிவு பொய்யாகிவிடாது. ஆனால் வாசகர் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி அது.

முட்டும் தூணும்

ராக்ஸ் முடிவைப் பார்த்துவிட்டு, அப்படியானால் எல்லா இடத்திலும் உயிர்த்திசு வலைதான் சிறந்தது என்று நினைத்தால் அடுத்த ஆய்வு தலையில் குட்டுகிறது. அமெரிக்காவில் ஐந்து மருத்துவமனைகளில், ஏற்கெனவே வந்துவிட்ட வயிற்றுக் குடலிறக்கத்தைக் கிருமி பட்ட சூழலில் சரிசெய்ய வேண்டியிருந்த 253 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குப் பன்றித் தோல் வலை. மறு பாதிக்கு பாலிப்ரோப்பிலீன் வலை. 2022-இல் முடிவு வெளியானது. இரண்டாண்டில் மீண்டும் குடலிறக்கம் வந்தவர்கள் உயிர்த்திசு வலை வைத்தவர்களில் நூற்றுக்கு 20.5, பிளாஸ்டிக் வலை வைத்தவர்களில் 5.6. எல்லோரும் அஞ்சிய பிளாஸ்டிக், அஞ்சிய அளவுக்குத் தொல்லை தரவில்லை.

ஓர் இடத்தில் காப்பாற்றிய பொருள் இன்னோர் இடத்தில் ஏன் தோற்றது? என் புரிதலைச் சொல்கிறேன். வீட்டுக்குக் கான்கிரீட் தளம் போடும்போது அடியில் சவுக்குக் கம்புகளை முட்டுக் கொடுப்பார்கள். தளம் இறுகும்வரை அந்த முட்டு தாங்கினால் போதும், பிறகு எடுத்துவிடலாம். ஸ்டோமாவை மூடும்போது வைக்கும் உயிர்த்திசு வலைக்கு அந்த முட்டின் வேலைதான். விளிம்புகள் ஏற்கெனவே ஒன்றோடொன்று சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கின்றன. அவை கூடும்வரை, கிளிப் வைத்து எக்ஸ்ரே எடுத்தவர்கள் காட்டிய அந்த முதல் மாதத்தில், விலகாமல் பிடித்துக்கொண்டால் போதும். அதன் பிறகு அது கரைந்தாலும் பெரிய நட்டமில்லை. வந்துவிட்ட குடலிறக்கத்தைச் சரிசெய்யும்போதோ நிலைமை வேறு. உறை நைந்துபோயிருக்கும், ஒரு முறை தோற்ற திசு அது. அங்கே வலை தூணாகவே நிற்க வேண்டும். கரைந்துபோகும் பொருளால் தூண் கட்ட முடியாது.

இடைப்பட்ட வழியும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். விலங்குத் திசு இல்லாமல், ஆய்வுக்கூடத்தில் செய்த, மாதக்கணக்கில் மெதுவாகக் கரையும் இழைகளால் ஆன வலைகள் வந்திருக்கின்றன. அப்படி ஒன்றைக் கிருமி பட்ட குடலிறக்கத்தில் 104 பேருக்கு வைத்துப் பார்த்தபோது, இரண்டாண்டில் நூற்றுக்குப் பதினேழு பேருக்கு மீண்டும் வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க அதில் இன்னொரு குழு இல்லாததால் அதற்குமேல் எதுவும் சொல்வதற்கில்லை.

விலை என்ற கேள்வி

அமெரிக்க ஆய்வில் வலைகளின் விலையையும் கணக்கிட்டார்கள். பிளாஸ்டிக் வலையின் நடுத்தர விலை 105 டாலர். உயிர்த்திசு வலையின் நடுத்தர விலை 21,539 டாலர். எழுத்துப்பிழை இல்லை, இருநூறு மடங்குக்கும் மேல். அது பெரிய குடலிறக்கத்துக்கான பெரிய துண்டு. ஸ்டோமா ஓட்டைக்குச் சிறு துண்டு போதும் என்பதால் செலவு அந்த அளவுக்குப் போகாது. ஆனாலும் பன்னிரண்டு பேருக்கு வாங்கி வைத்தால் ஒருவருக்குப் பலன் என்ற கணக்கோடு இந்த விலையைச் சேர்த்துப் பார்க்கும்போது, அரசு மருத்துவமனையை நம்பி வாழும் மக்களுக்கு இது எட்டுமா என்ற கேள்வி தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

இந்த இடத்தில் நம் நாட்டுக் கதை ஒன்றைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. மகாராஷ்டிரத்தின் தோண்டாய்ச்சா என்ற சிற்றூரில் டோங்கோங்கர் என்ற அறுவை மருத்துவர், கம்பெனி வலையின் விலை தன் நோயாளிகளுக்குக் கட்டுப்படியாகாததால், கொசுவலைத் துணியைத் துண்டுகளாக வெட்டி, கிருமி நீக்கிக் கவட்டைக் குடலிறக்கத்துக்கு வைத்துத் தைத்தார். பல மருத்துவர்களைச் சேர்த்துக்கொண்டு அதன் பலனை 2003-இல் வெளியிடவும் செய்தார். பின்னர் உகாண்டாவில் 302 ஆண்களை வைத்து முறையான ஆய்வு நடந்தது. கொசுவலைத் துணியில் ஒருவருக்கு மட்டும் ஓராண்டில் மீண்டும் வந்தது. கம்பெனி வலையில் யாருக்கும் வரவில்லை. குறிப்பிடும்படியான வேறுபாடு இல்லை என்று 2016-இல் அறிவித்தார்கள். அது கிருமி இல்லாத கவட்டைப் பகுதி. ஸ்டோமா ஓட்டையோடு நேராக ஒப்பிடக்கூடாது. எந்தப் பொருளுக்கு இந்த விலை, யார் வைத்த விலை என்று கேட்கும் துணிச்சலைத்தான் நான் அந்த ஊரிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

வயிற்றின் நடுக்கோட்டில் நீளமாகத் திறக்கும் ஆபரேஷன்களுக்கும் தடுப்பு வலையைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். உடற்பருமன் உள்ளவர்களும் வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்களுமாக 480 பேர். நெதர்லாந்து, ஜெர்மனி, ஆஸ்திரியா ஆகிய நாடுகள். விலை குறைந்த பிளாஸ்டிக் வலை. 2017-இல் வந்த முடிவின்படி, நூலால் மட்டும் தைத்தவர்களில் நூற்றுக்கு முப்பது பேருக்கு இரண்டாண்டில் குடலிறக்கம். உறைக்கு மேலே வலை பரப்பித் தைத்தவர்களில் பதின்மூன்று பேருக்கு. கிருமி படாத வெட்டில், ஆபத்து அதிகம் உள்ளவருக்கு, சாதாரண வலையே பெரிய வேலையைச் செய்துவிடுகிறது.

நான்கு நிமிடம்

வலையே இல்லாமல் என்ன செய்யலாம் என்பதுதான் இந்த முழு விவகாரத்திலும் என்னை அதிகம் ஈர்த்தது. இங்கிலாந்தில் ஜென்கின்ஸ் என்ற அறுவை மருத்துவர், தைத்த வயிறு பிளந்துகொண்டவர்களை ஆராய்ந்து 1976-இல் ஒரு கட்டுரை எழுதினார். பெரும்பாலானவர்களுக்கு நூல் அறுந்திருக்கவில்லை, முடிச்சும் அவிழ்ந்திருக்கவில்லை. கெட்டியான நூல், பாலாடைக் கட்டியில் கம்பி இறங்குவது போலத் திசுவை அறுத்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. வயிறு உப்பும்போது வெட்டின் நீளம் நூற்றுக்கு முப்பது பங்குவரை கூடும் என்று அவர் கணக்கிட்டார். அந்த நீட்சிக்கு இடம்கொடுக்க, வெட்டின் நீளத்தைப் போல நான்கு மடங்கு நூலாவது தையலில் இருக்க வேண்டும் என்பது அவர் சொன்ன கணக்கு.

ஸ்வீடனின் சுண்ட்ஸ்வால் நகரத்து மருத்துவர்கள் அதை இன்னும் நுட்பமாக்கினார்கள். விளிம்பிலிருந்து தள்ளி ஊசியைக் குத்திப் பெரிய பிடியாகப் பிடித்தால், கொழுப்பும் தசையும் நூலுக்குள் சிக்கி நசுங்குகின்றன. நசுங்கியது செத்துச் சுருங்கியதும் நூல் தளர்கிறது, விளிம்புகள் விலகுகின்றன. வெள்ளை உறையை மட்டும் சின்னச் சின்னதாக, நெருக்கமாகப் பிடித்துத் தைத்தால் இது நேராது. அவர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் பெரிய பிடியில் 18 விழுக்காடாக இருந்த குடலிறக்கம் சின்னப் பிடியில் 5.6 விழுக்காடாகக் குறைந்திருந்தது. நெதர்லாந்தில் 560 பேரை வைத்து மீண்டும் சோதித்தார்கள். 2015-இல் முடிவு வந்தது. ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் தைத்தவர்களில் ஓராண்டில் நூற்றுக்கு 21 பேருக்குக் குடலிறக்கம். விளிம்பிலிருந்து 5 மில்லிமீட்டர், ஒரு தையலுக்கும் அடுத்ததற்கும் 5 மில்லிமீட்டர் என்று தைத்தவர்களில் 13 பேருக்கு. பெரிய பிடியில் சராசரியாக 25 தையல், சின்னப் பிடியில் 45. வயிற்றை மூட ஆன நேரம் பத்து நிமிடத்துக்குப் பதில் பதினான்கு.

நான்கு நிமிடம் கூடுதலாக நின்றால் நூறு பேரில் எட்டுப் பேர் தப்புகிறார்கள். ராக்ஸ் ஆய்வில் பன்றித் தோல் வலை தந்ததும் ஏறக்குறைய அதே எட்டுதான். இரண்டும் வேறு வேறு வெட்டுகள், வேறு வேறு நோயாளிகள். எனினும் சின்னப் பிடித் தையலுக்கு ஆகும் செலவு ஒரு நூலும் பொறுமையும்.

அறுவை மேசையில் இதைச் சரிபார்ப்பதும் எளிது. வெட்டு 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 150 சென்டிமீட்டர் நூலில் தைத்து முடித்ததும், வெட்டி எடுத்த மிச்ச நூலைத் துணி மேல் நீட்டி அளவுகோல் வைக்கிறார் செவிலியர். 60 சென்டிமீட்டர் மிச்சம். அப்படியானால் உள்ளே போனது 90; வெட்டின் நாலரை மடங்கு. சரி. நூறு மிச்சம் இருந்தால் உள்ளே போனது 50 தான். அவசரப்பட்டிருக்கிறார்கள் என்று அந்த மேசையிலேயே தெரிந்துவிடும்.

எனவே என் பார்வையில் உயிர்த்திசு வலைக்கு ஓர் இடம் உண்டு. ஆனால் அது குறுகிய இடம். ஸ்டோமாவை மூடும்போது, கிருமி பட்ட சூழலில், பருமனோ சர்க்கரையோ நாள்பட்ட இருமலோ உள்ள ஒருவருக்கு, வாங்கும் வசதியும் இருந்தால் அதைப் பற்றிப் பேசலாம். பேசும்போது அது எதிலிருந்து வருகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். இஸ்லாமியருக்கும் யூதருக்கும் பன்றித் திசு என்பது சாதாரண விஷயம் இல்லை. மாட்டின் உறை என்றால் இந்துக்களில் பலருக்கும் மனம் ஒப்பாது. எந்த உயிரின் பொருளும் வேண்டாம் என்பவர்கள் இருக்கிறார்கள். உயிர் காக்க வேறு வழியே இல்லாதபோது விலக்கப்பட்டதும் ஆகும் என்ற நெறியை மார்க்க அறிஞர்கள் சொல்வதுண்டு. ஆனால் இங்கே மாற்று வழிகள் இருக்கின்றன. மயக்கம் தெளிந்து பல மாதம் கழித்து, பில்லில் இருக்கும் ஒரு வரியைப் பார்த்து ஒருவர் இதைத் தெரிந்துகொள்வது கொடுமை. கையெழுத்து வாங்கும் தாளில், அவருக்குத் தெரிந்த மொழியில், விலங்கின் பெயரோடு எழுதியிருக்க வேண்டும்.

பையோடு இருப்பவர்கள் யாரேனும் இதைப் படித்தால், மூடும் ஆபரேஷனுக்கு முன் சங்கடப்படாமல் கேளுங்கள்: ஓட்டையை எப்படித் தைக்கப் போகிறீர்கள், எனக்குக் குடலிறக்கம் வரும் வாய்ப்பு எவ்வளவு, வலை வைப்பதாக இருந்தால் எந்த வலை, ஏன். அதற்கு முன் கிடைக்கும் சில மாதங்களில் பீடி சிகரெட்டை விட்டு, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, பருப்பும் முட்டையும் மீனுமாகச் சாப்பிட்டு உடம்பைத் தேற்றினால் அதற்கும் பலன் உண்டு.

பெரியப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரி இன்னும் வீட்டுப் பீரோவில், ஸ்கேன் படங்களோடு ஒரு மஞ்சள் பைக்குள் இருக்கிறது. இதை எழுதும்போது எடுத்துப் பார்த்தேன். கட்டியின் அளவு, எடுத்த நிணநீர்க் கணுக்களின் எண்ணிக்கை, ஏற்றிய இரத்தம் என்று எல்லாவற்றுக்கும் எண் இருக்கிறது. ஸ்டோமா மூடிய பக்கத்தில் வயிற்றுச் சுவரைப் பற்றி ஒரே ஒரு வரி: அடுக்கடுக்காகத் தைத்து மூடப்பட்டது.